கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு: மடிக்கலங்களைத் தட்டில் வளர்த்து எதைச் சோதிக்கலாம்?

கேட்கப்பட்டது இதுதான்: வட இலங்கையின் கிளிநொச்சியில் விவசாயம் படிக்கும் ஒருவர், மடிநோய் வந்த பசுவுக்குக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுவது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய விரும்புகிறார். கொல்களத்தில் கிடைக்கும் மடியிலிருந்து கலங்களைப் பிரித்து ஆய்வுகூடத்தில் வளர்த்து அதைச் சோதிக்கலாமா, அந்தக் கலங்கள் தட்டிலேயே பால் சுரக்குமா என்று இரண்டு கேள்விகள். அவற்றுக்கு அடியில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. தட்டில் கண்டதை மாட்டுக்காரரிடம் போய்ச் சொல்லலாமா என்பதே அது. அதற்குப் பொருத்தமாகத்தான் முதல் இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டும்.

வளர்க்கலாம், சோதிக்கவும் செய்யலாம். ஆனால் பூச்சு மடியைக் குணப்படுத்துமா என்பதற்குத் தட்டு விடை தராது. பூச்சு போடுவது தோலின் மேல். அதிலுள்ள பொருள் பால் சுரக்கும் கலத்தை அடைய வேண்டுமானால் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் இணைப்பிழையத்தையும் தாண்ட வேண்டும். தட்டில் நாமோ பிப்பெற்று என்ற உறிஞ்சுகுழாயால் அதே பொருளைக் கலத்தின் மேல் நேரே விடுகிறோம். எனவே தட்டு பதில் சொல்லும் கேள்வி வேறு: மஞ்சளின் பொருள் மடியின் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அங்கே அது கலத்தை என்ன செய்யும்? பயனுள்ள கேள்விதான். ஆனால் அந்த ‘என்று வைத்துக்கொண்டால்’ ஆய்வறிக்கையின் கடைசி வரி வரை கூடவே வர வேண்டும்.

மடியின் உள்ளமைப்பை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். பால் சுரப்பது சிற்றறைகளின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக நிற்கும் மேலணிக் கலங்கள். அவற்றைச் சுற்றிக் கூடை பின்னியதுபோலத் தசைமேலணிக் கலங்கள். கன்று முட்டிக் குடிக்கும்போது ஒட்சிரோசின் என்ற ஓமோன் வந்து சுருக்குவது இவற்றைத்தான். வெளியே நாரரும்பர்கள் (இணைப்பிழையத்தின் நாரை உண்டாக்கும் கலங்கள்), கொழுப்பு, குருதிக்குழாய்கள், வெண்குருதிக் கலங்கள். கலவளர்ப்பு என்று பொதுவாகச் சொல்லும்போது இவற்றில் முதலாவதை மட்டும் தனியே எடுத்து வளர்ப்பதையே சொல்கிறோம். மடிநோயில் பாலில் திரிதிரியாக வருவதில் பெரும்பங்கு குருதியிலிருந்து பாய்ந்து வந்த நடுநிலைநாடிகள் என்ற வெண்குருதிக் கலங்கள். அவை தட்டில் இல்லை. மேலணிக் கலம் அபாயக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டு ஓடிவர அங்கே ஒருவரும் இல்லை.

எந்தக் கலத்தில் தொடங்குவது? உலகில் மிகவும் பயன்பட்ட பசு மடிக்கலத் தொடர் மக்-டி. 1991இல் கனடாவில், எஸ்வி40 வைரசின் பெரிய டி புரத மரபணுவை மேலணிக் கலத்துள் செலுத்தி, முடிவில்லாமல் பிரியும்படி செய்யப்பட்டது. 1996இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் இதே முறையில் பிஎம்இ-யூவி உருவானது. இவை முரடானவை, உறைய வைத்து எடுத்தாலும் எழும், கை பழகாத மாணவரையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இப்படி அழியாமற் செய்த கலம் சுரப்பு வேலையில் பெரும்பகுதியை மறந்துவிடுகிறது. மக்-டி ஐரோப்பிய இனமான ஹோல்ஸ்ரீன் பசுவின் கலம் என்பதும் நினைவிருக்க வேண்டும். மேய்ச்சல் தரையில் 35 பாகை வெயிலில் நிற்கும் நம் நாட்டு மாடு திமிலுள்ள இனம். திமிலின மாடுகளின் நிணநீர்க் கலங்களும் முளையங்களும் வெப்பத்தை ஐரோப்பிய இனங்களைவிட நன்றாகத் தாங்குவது காட்டப்பட்டிருக்கிறது. மடிக்கலமும் அப்படித்தான் என்பது நியாயமான ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுத வேண்டும். வெப்பமும் பாலும் பற்றி, கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னிக்கென்று ஒரு கேள்வி கேட்பதாயின், நாட்டுப் பசுவின் முதல்நிலைக் கலங்களை (மடியிலிருந்து நேரே பிரித்த, அழியாமற் செய்யாத கலங்களை) எடுக்கும் சிரமம் வீண்போகாது. பூச்சுக்கு முதலில் மக்-டி போதும். முறையைக் கையில் பழக்கிக்கொண்டு, முடிவு சுவையாகத் தெரிந்தால் அதன்பிறகு முதல்நிலைக் கலத்துக்குப் போகலாம்.

கொல்கள மடி பற்றி ஒரு எச்சரிக்கை. பாலும் கன்றும் தரக்கூடிய பசுவை வெட்டுவதைச் சட்டம் கட்டுப்படுத்துவதால், முறையாகக் கிடைக்கும் மடி பெரும்பாலும் வயதேறிய, வற்றிய பசுவினுடையதாக இருக்கும். வற்றிய மடியில் சிற்றறைகள் சுருங்கி, கொழுப்பும் நாரும் மிகுந்திருக்கும். வெட்டிப் பார்த்தால் தெரியும்: பால் தரும் மடி இளஞ்செம்மஞ்சளாக, பஞ்சுபோலப் பொருக்குப் பொருக்காக இருக்கும், வற்றியது வெண்மையாக, கத்திக்கு இறுக்கமாக இருக்கும். இரண்டாவதிலிருந்தும் கலம் வரும், ஆனால் குறைவாக, நாரரும்பர் கலந்து வரும். முன்கூட்டியே பேசி, மிருக வைத்தியரின் அனுமதியோடு, உயிரோடிருக்கும்போதே பால் இருந்தால் கொஞ்சம் கறந்து கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை (பாலில் சவர்க்காரக் கரைசல் கலந்து, தடிக்கிறதா என்று பார்ப்பது) செய்து, சுத்தமான காம்புப் பகுதியைக் குறித்துவைத்தால் பிறகு பல நாள் மிச்சமாகும். அந்தச் சோதனையில் பால் சளிபோலத் தடித்த பகுதியின் இழையத்தை எடுத்தால் நீங்கள் வளர்ப்பது பற்றீரியாவைத்தான்.

எடுக்கும் முறை இது. மடியின் தோலை 70 சதவீத மதுசாரத்தால் துடைத்து, காம்புக்கு அருகே தொடாமல், நடுவிலிருந்து ஆழமாக ஒரு துண்டு வெட்டுங்கள். பென்சிலின் (மில்லிலீற்றருக்கு 200 அலகு), ஸ்திரெப்ரோமைசின் (200 மைக்கிரோகிராம்), அம்போரெரிசின் (2.5 மைக்கிரோகிராம்) சேர்த்த குளிர்ந்த ஹாங்க்ஸ் உப்புக்கரைசலில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். பனிக்கட்டியோடு இழையம் நேரே முட்டக்கூடாது. உறைந்த மூலையில் கலம் செத்துவிடும். கொழுப்பையும் வெள்ளைநாரையும் வெட்டி எறிந்து, மீதியை ஒரு மில்லிமீற்றர் துண்டுகளாக நறுக்கி, கழுவும் நீரில் பால் வெண்மை போகும்வரை பல தடவை கழுவுங்கள். பிறகு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் வீதம் கொலாஜனேசு, ஐயலூரொனிடேசு என்ற, இணைப்பிழையத்தைக் கரைக்கும் நொதியங்களைக் கரைத்த ஊடகத்தில் 37 பாகையில் மெல்ல ஆட்டிக்கொண்டே விட வேண்டும். மணிக்கூட்டை நம்பாமல் ஒவ்வொரு அரை மணித்தியாலமும் ஒரு சொட்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். திராட்சைக் குலைபோலச் சிறு கொத்துகள் பிரிந்து மிதக்கும்போது நிறுத்துங்கள். பொதுவாக 2 முதல் 4 மணித்தியாலம். தாண்டினால் கொத்து உடைந்து தனிக்கலமாகி, பாதி சாகும். திரவம் கஞ்சிபோல் இழுபட்டால், செத்த கலங்களின் டிஎன்ஏ வெளியேறியிருக்கிறது. கொஞ்சம் டிஎன்ஏசு நொதியம் சேர்த்தால் இளகும்.

அந்தக் கொத்துகளே உங்கள் செல்வம். புவியீர்ப்பின் 80 முதல் 100 மடங்கு என்ற மெல்லிய வேகத்தில் ஓரிரு நிமிடம் மையநீக்கினால் கொத்துகள் அடியில் படியும், தனித்த நாரரும்பர்கள் மேலே நிற்கும். மேல்நீரை ஊற்றிவிட்டு இதையே மூன்று நான்கு தடவை செய்யுங்கள். இவ்வளவு செய்தும் நாரரும்பர் வரும். வயலில் கோரைபோல, நெல்லைவிட வேகமாக வளரும். நல்லவேளை, தட்டிலிருந்து கலத்தைக் கழற்றும் ரிப்சின் நொதியம் பட்டதும் அதுதான் முதலில் கழலும்: 0.05 சதவீத ரிப்சினை ஊற்றி ஓரிரு நிமிடத்தில் நீளநீளமான கலங்கள் கழன்று மிதப்பதைக் கண்டவுடன் வழித்துக் கொட்டிவிட்டு, ஒட்டிநிற்கும் கூழாங்கல் பாவிய தரைபோன்ற திட்டுகளுக்குப் புது ஊடகம் கொடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிக் களையெடுத்தால் தட்டு சுத்தமாகும். கண்ணால் பார்த்தது சான்று ஆகாது. மேலணிக் கலத்துக்குரிய சைற்றோகெரற்றின் 18 என்ற புரதம் இருக்கிறது, நாரரும்பரில் காணும் விமென்ரின் புரதம் பெரும்பாலும் இல்லை என்று சாயமிட்டுக் காட்டிய பிறகே அதை மேலணிக் கலம் என்று எழுதலாம்.

இந்தக் கலங்கள் சில தலைமுறைதான் பெயர்த்து நடப் பொறுக்கும். பிறகு பருத்து, தட்டையாகி நின்றுவிடும். ஆகவே முதல் இரண்டு பெயர்ப்புக்குள்ளேயே கூடுதலானவற்றை உறையும்போது கலத்தைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானின் 10 சதவீதக் கரைசலில், நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் குளிர்வித்து, திரவ நைதரசனில் சேமித்துவிடுங்கள். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு விந்துக் குழாய்கள் கொண்டுதிரியும் அதே வகைக் கொள்கலன்தான் இதற்கும். அந்த நைதரசன் வரும் வழியை முதலில் விசாரித்துவிட்டுத் திட்டம் போடுவது நல்லது.

ஊடகமாக டிஎம்இஎம்/எஃப்12 என்ற, கடையில் வாங்கும் ஊட்டக்கரைசல், 10 சதவீதக் கன்றுமுளையச் சீரம், மில்லிலீற்றருக்கு இன்சுலின் 5 மைக்கிரோகிராம், ஐதரோகோட்டிசோன் 1 மைக்கிரோகிராம், மேற்றோல் வளர்ச்சிக் காரணி 10 நனோகிராம். இது வளர்வதற்கான சாப்பாடு. பால் சுரக்கும் நிலைக்குத் திருப்ப வேண்டுமானால் வளர்ச்சிக் காரணியை எடுத்துவிட்டு, சீரத்தைக் குறைத்து, பால் சுரக்கத் தூண்டும் ஓமோனான புரோலக்ரின் (மில்லிலீற்றருக்கு 1 முதல் 5 மைக்கிரோகிராம்) சேர்க்க வேண்டும். வளர்வதும் சுரப்பதும் ஒருசேர நடவாது. மாட்டிலும் அப்படித்தானே, மடி பெருப்பது சினையில், பால் ஈன்ற பிறகு.

தட்டில் பால் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். வெறும் பிளாஸ்ரிக் தட்டில் ஓமோன் முழுவதையும் கொடுத்தாலும் பாலின் முக்கிய புரதமான கேசீன் மிகக் குறைவாகவே வரும். அதே கலத்தைக் கொலாஜன் கூழின் மேலோ, எலிக் கட்டியிலிருந்து எடுக்கும் அடித்தளக் கூழிலோ விட்டால், அவை சுருண்டு நடுவே வெற்றிடமுள்ள உருண்டைகளாகி, கேசீனை உள்நோக்கிச் சுரக்கத் தொடங்கும். கலம் எதன் மேல் நிற்கிறது என்பது எந்த ஓமோன் கிடைக்கிறது என்பதற்குச் சமமான கட்டளை. 1970களிலேயே எலி மடிக்கலங்களில், கொலாஜன் கூழைத் தட்டிலிருந்து கழற்றி மிதக்கவிட்டபோது இது தெளிவானது. நுண்துளைச் சவ்வில் வளர்த்தால் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று கலம் திசை அறியும். இடையே மின்தடையை அளந்து, நோயில் கசிவு எப்போது தொடங்குகிறது என்று பார்க்கலாம். மடிநோயில் பால் ஏன் உப்புக்கரிக்கிறது என்பதற்கு விடை இந்தக் கசிவில்தான் இருக்கிறது. இருந்தும் இதெல்லாம் மைக்கிரோகிராம் அளவிலான புரதம், சில கொழுப்புத் துளிகள். ஒரு லீற்றர் பாலுக்கு மடியூடாக ஏறத்தாழ 400 முதல் 500 லீற்றர் குருதி ஓட வேண்டும்; தட்டுக்கு நாம் கொடுப்பது இரண்டு நாளுக்கு மூன்று மில்லிலீற்றர். ஆகவே ‘இந்தச் சாறு பாலைக் கூட்டியது’ என்று தட்டிலிருந்து யாராவது சொன்னால், கேசீன் மரபணுவின் செய்தி கூடியது என்று மட்டும் திருத்தி வாசியுங்கள்.

இனி உங்கள் பூச்சு. தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் அளவு கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. இதை அப்படியே அரைத்து வடித்து ஊடகத்தில் விட்டால் கலம் எல்லாம் சாகும். காரணம் மஞ்சளோ கற்றாழையோ அல்ல, சுண்ணாம்பின் காரம். ஆராத்தித் தட்டில் மஞ்சள்நீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அந்தச் சிவப்பு பிஎச் ஏறியதன் அடையாளம். ஊடகத்திலும் பீனோல் சிவப்பு என்ற நிறங்காட்டி இருக்கிறது. அதுவும் காரத்தில் கடும் இளஞ்சிவப்பாகும். இரண்டு நிறமும் கலந்தால் கண்ணால் ஒன்றும் பிடிபடாது. பிஎச் மானியால் அளந்து 7.2 முதல் 7.4க்குள் இருந்தால்தான் மேலே போக வேண்டும். மூன்றையும் தனித்தனியே, பிறகு சேர்த்தும் சோதியுங்கள். நடுநிலையாக்கிய சுண்ணாம்பு நீரும் ஒரு கட்டுப்பாடாக, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இருக்கட்டும்.

மஞ்சளில் மறைவான சிக்கல்கள் மூன்று. மஞ்சளின் முக்கிய பொருளான குர்குமின் நீரில் கரையாது, டிஎம்எஸ்ஓவில் கரைக்க வேண்டும். ஊடகத்தில் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டாமல், அதே அளவு டிஎம்எஸ்ஓ கட்டுப்பாட்டுக் குழிகளிலும் இருக்க வேண்டும். அடுத்து, சீரம் இல்லாத ஊடகத்தில் 37 பாகையில் குர்குமினில் 90 சதவீதம் அரை மணித்தியாலத்துக்குள் சிதைந்துவிடும். சீரம் இருந்தால் வெகுநேரம் நிற்கும். எனவே 24 மணித்தியாலம் கொடுத்தேன் என்று எழுதினாலும் கலம் கண்டது எதை என்பது சீரத்தைப் பொறுத்தது. மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. கல உயிர்ப்பை அளக்கும் எம்டிடி சோதனையில் மஞ்சள் சாயம் ஊதாவாக மாறுவதை அளக்கிறோம். பல தாவரச் சாறுகள் கலமே இல்லாத குழியிலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். செத்த கலமும் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். கலமில்லாமல் சாறு மட்டும் இட்ட குழிகள் ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம். சாற்றைக் கழுவிவிட்டு எம்டிடி இடுங்கள். இதோடு செத்த கலத்தை மட்டும் நீலமாக்கும் ரிப்பான் நீலச் சாயத்தால் கலங்களை எண்ணியும் சரிபார்க்க வேண்டும்.

கற்றாழையில், இலையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலும் உள்ளே இருக்கும் தெளிந்த கூழும் வெவ்வேறு. மஞ்சள் பாலில் உள்ள அந்திரகுயினோன்கள் கலத்துக்கு நஞ்சு. இலையை நிறுத்திவைத்து அது முழுதும் வடிந்தபின் கூழை எடுங்கள். பற்றீரியாவை நீக்கும் 0.22 மைக்கிரோமீற்றர் வடி கூழால் அடைத்துக்கொள்ளும். முதலில் மையநீக்கி, பிறகு 0.45இல் வடித்து, கடைசியில் 0.22க்குப் போகலாம். ஆனால் அந்த வடியும் எல்பிஎஸ் என்ற, சில பற்றீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள நச்சைத் தடுக்காது. தோட்டத்து இலையில் அது இல்லாமல் இராது. அழற்சியைக் குறைக்கிறதா என்று நீங்கள் சோதிக்கும் சாறே அழற்சியைத் தூண்டும் நிலை வந்துவிடும். எல்பிஎஸ்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பொலிமிக்சின் பி சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பார்த்தால் அதைப் பிரித்தறியலாம்.

அழற்சியை உண்டாக்க வழக்கமாக மில்லிலீற்றருக்கு 1 மைக்கிரோகிராம் எல்பிஎஸ் கொடுத்து, 6 முதல் 24 மணித்தியாலத்தில் இன்ரலூக்கின்-8, கட்டியிழைய நசிவுக் காரணி ஆகிய அழற்சிச் செய்திப் புரதங்களை அளப்பார்கள். இந்த வகை ஆய்வுகளில் கவனமாகப் பார்க்க வேண்டியது வரிசை. பலவற்றில் சாற்றை முதலில் கொடுத்து, பிறகு எல்பிஎஸ் கொடுக்கிறார்கள். அது தடுப்பு. மாட்டுக்காரர் பூசுவது மடி வீங்கிய பிறகு. உங்கள் சோதனையில் எல்பிஎஸ் முதலில், சாறு இரண்டு மணித்தியாலம் கழித்து என்ற வரிசை கட்டாயம் இருக்கட்டும். எல்பிஎஸ் ஈ.கோலை வகை நோய்க்கு மாதிரி. விட்டுவிட்டு வந்து நீடிக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் நோய்க்கு அது பொருந்தாது; அந்தப் பற்றீரியா கலத்தின் உள்ளேயே போய் ஒளிகிறது. அதைப் பார்க்க உயிருள்ள பற்றீரியாவைக் கலத்துக்கு 10 முதல் 100 வீதம் இட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து, கலத்துள் எளிதில் நுழையாத ஜென்ராமைசினால் வெளியே நிற்பதைக் கொன்று, 0.1 சதவீத திரைற்றன் என்ற சவர்க்காரப் பொருள் இட்டுக் கலத்தை உடைத்து, உள்ளே தப்பியதை எண்ணுவார்கள். இங்கே வழமையான பிழை: ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் பென்சிலினை மறந்துவிடுவது. 24 மணித்தியாலம் முன்பே நுண்ணுயிர்க்கொல்லி இல்லாத ஊடகத்துக்கு மாற்றாவிட்டால், பற்றீரியாவைக் கொன்ற பெருமை சாற்றுக்குப் போய்விடும். இந்த வேலைக்கு வேறு அடைகாப்பியும் உயிர்ப்பாதுகாப்பு அலமாரியும் தேவை.

மாதிரி எண்ணிக்கையில் நேர்மை வேண்டும். ஒரே பசுவின் கலத்தை ஆறு குழியில் இட்டால் அது ஆறு அல்ல, ஒன்று. குறைந்தது மூன்று பசுக்கள், வெவ்வேறு நாளில். மக்-டியில் என்றால் எத்தனை தடவை செய்தாலும் அது ஒரே ஒரு ஹோல்ஸ்ரீன் பசு.

வன்னியின் சூழல் பற்றியும் கொஞ்சம். பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. நீர் சுத்திகரிப்பு வடிகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் தேயும், அடைகாப்பித் தட்டிலும் வெந்நீர்த் தொட்டியிலும் வெள்ளை படியும். மின்சாரம் நின்றால் அடைகாப்பியின் வெப்பம் சில மணித்தியாலம் தாங்கும். காபனீரொட்சைட்டு போனால்தான் ஊடகம் காரமாகும். கதவைத் திறக்காமல், ஊடகத்தில் பிஎச்சை நிலையாக வைக்கும் ஹெப்பீசு 20 மில்லிமோலர் சேர்த்து, குடுவை மூடியை இறுக்கிவிட்டால் ஓரிரவைக் கடத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் பூஞ்சணம் வரும். அட்டைப்பெட்டிகளை வளர்ப்பறைக்குள் விடவே கூடாது. சீரம் கொழும்பிலிருந்து உறைநிலையில் வந்து சேர்ந்ததா என்று வாங்கும்போதே பாருங்கள்; உருகி மறுபடி உறைந்த புட்டியில் கலம் மெல்ல மெலியும், காரணம் கடைசிவரை பிடிபடாது. பசுக்கலத்துக்கு மட்டும் உரிய ஆபத்தும் ஒன்றுண்டு: சீரத்தின் வழியே வரும் பசு வயிற்றோட்ட வைரஸ். அதில் ஒரு வகை கலத்தைக் கொல்லாது, உள்ளேயே இருந்து நோயெதிர்ப்பு அளவீடுகளை மாற்றிவிடும். காமாக் கதிர் பட்ட சீரம் வாங்குங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பற்றீரியாவும் கண்ணுக்குத் தெரியாது. கலச்சுவர் இல்லாததால் பென்சிலின் அதைத் தொடாது. மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை வேண்டும்.

எனவே மாட்டுக்காரரிடம் எதைச் சொல்லலாம்? நிச்சயமாகத் தெரிந்தது: குர்குமின் பசு மடிக்கலத்தை நேரே அடைந்தால், சரியான அளவில் அழற்சிச் செய்திகளைக் குறைக்கிறது, கூடிய அளவில் கலத்தைக் கொல்கிறது. நிச்சயமில்லாதது: தோலில் பூசியது அந்த அளவில் உள்ளே போகிறதா என்பது. கறந்து வெளியேற்றுவதும், ஒரு நாளைக்குப் பல தடவை பூசிக் கழுவும்போது மடி உருவப்படுவதும் எவ்வளவு குணத்தைத் தருகின்றன என்பதையும் தட்டால் பிரித்தறிய முடியாது. அதற்கு மாடுகளிலேயே, பூச்சு போட்டதும் வெறும் கழுவலும் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து, பாலின் கல எண்ணிக்கையையும் பற்றீரியா வளர்ப்பையும் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு தீனி விட்டு, பால் தண்ணீராகி நிற்கும் பசுவுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் பொருந்தாது. அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும், ஈ.கோலை மடிநோயில் ஒரு நாள் தாமதம் பசுவின் உயிரையே எடுத்துவிடலாம்.

தொடங்குவதாயின் இந்த ஒழுங்கில் போங்கள்: மக்-டியை ஒரு மாதம் சும்மா வளர்த்து, உறைய வைத்து, மறுபடி எழுப்பிப் பழகுங்கள். பிறகு கலமில்லாத தட்டில் சாற்றை மட்டும் இட்டு எம்டிடியும் பிஎச்சும் பாருங்கள். அதன்பிறகு ஐந்து ஆறு செறிவுகளில் கலத்தின் மேல் இட்டு, எந்த அளவில் சாகின்றன என்று அறியுங்கள். எல்பிஎஸ்சைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகு. அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ பேராதனையின் மிருக வைத்திய பீடத்திலோ ஒரு மேற்பார்வையாளரைப் பிடிக்கப் போகும்போது, இரண்டாவது படியின் அளவீடுகளைக் கையில் கொண்டுபோங்கள்.